நாற்பத்து மூன்றாம் கொக்கி

ரயிலில் ரிக்கெற் பார்க்க வந்தவர் என் முன்னால் நின்றார். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். கைக்குட்டை வந்தது, பென்சில் வந்தது. பிறகு குளிர்ந்த, கனமான, வட்டமான ஏதோ ஒன்று விரலில் பட்டது. எடுத்துப் பார்த்தால் ஒரு பித்தளை வில்லை. ஓரத்தில் ஒரு துளை, நடுவில் 43 என்ற இலக்கம்.

ரிக்கெற்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இது எங்கள் ரயிலில் செல்லாது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வில்லை அந்த நேரம் இருக்கவேண்டிய இடம் பின்னால் மலையில் இருக்கும் ஒரு சுரங்கத்து வாசல். அங்கே சுவரில் மாட்டிய பலகையில் நாற்பத்து மூன்றாவது கொக்கி. அது அங்கே தொங்காவிட்டால் என்ன அர்த்தம் என்பதை அன்று காலையில் நானே என் கொப்பியில் எழுதியிருந்தேன்.

கொப்பியைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்து, முத்து முத்தாக. 'கொக்கி வெறுமையாக இருந்தால், ஒருவர் கீழே இருக்கிறார்.' அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தேன். அடுத்த கிழமை இலக்கணப் பயிற்சிக்கு நல்ல உதாரண வசனம் அகப்பட்டது என்ற சந்தோசத்தில் இழுத்த கோடு.

இலக்கணத்தைப் பார்த்திருக்கிறேன், விஷயத்தைப் பார்க்கவில்லை. அந்த நிமிடம் அந்த மலைக்குள் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கருங்கல்லுக்குள் நிலக்கரி

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருசம் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். ஹனோவருக்கு வந்த பிறகு என் சான்றிதழ்களை ஒரு அலுவலகமும் சீண்டவில்லை. ஒரு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் எட்டு வருசம் படுக்கை விரிப்பு மடித்தேன். விரிப்பையும் ஒழுங்காகத்தான் மடித்தேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மடிக்கும்போது வாய்க்குள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருசம், மலை ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவசரமாக ஒரு ஆங்கில ஆசிரியை தேவைப்பட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே இருப்பவர்கள் இன்னும் என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். ஹனோவரிலிருந்து ரயிலில் ஒரு மணிக்கு மேல், பிறகு பஸ்ஸில் மலையேற அரை மணி. சுரங்கமும் நிலவியலும் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் பழக்கவேண்டும். உலகத்துச் சுரங்கமெல்லாம் ஆங்கிலத்தில்தான் அறிக்கை எழுதுகிறதாம்.

மொழிப் பிரிவுக்குத் தலைவி ஃபிராவ் லின்ட்னர், எங்கள் வழக்கத்தில் திருமதி லின்ட்னர். நல்ல மனுசி, ஆனால் சிரிப்பைச் சிக்கனமாகப் பாவிக்கிறவர். "இந்த ஒரு செமெஸ்டர் பார்ப்போம். முடிவில் சுரங்கத் துறை உங்களை வேண்டாம் என்றால் நான் ஒன்றும் செய்ய இயலாது" என்றார். சலவை அறையிலும் சொல்லிவைத்துவிட்டுத்தான் போனேன். ஓகஸ்ட் வரை என் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கமாட்டோம் என்றார்கள். அந்த உதவி எனக்குத் தேவைப்படக்கூடாது என்பதுதான் அந்த வருசம் முழுக்க என் ஒரே செபம்.

முதல் வகுப்பு. பதினெட்டுப் பேர், எல்லாம் என்னைவிட இரண்டு சாண் உயரம். இரவெல்லாம் இருந்து தயாரித்த பயிற்சித் தாளை நீட்டினேன். முப்பது கேள்வி, கீறிட்ட இடம் நிரப்புக. சலவை அறைக்காரி என்று ஒருவரும் சொல்லிவிடக்கூடாதே, அதனால் வசனம் ஒவ்வொன்றிலும் கல்லும் மண்ணும் சுரங்கமுமாகப் போட்டு நிரப்பியிருந்தேன்.

இருபது நிமிடம் போனது. ஒரு பேனா அசையவில்லை.

கடைசி வரிசையில் மத்தியாஸ் என்று ஒரு நெட்டைப் பிள்ளை கையை உயர்த்தினான். "ஏழாவது கேள்வியை நிரப்ப முடியாது" என்றான்.

"ஏன் முடியாது? இறந்தகாலம்தானே."

"கருங்கல்லுக்குள் நிலக்கரி இருக்காது. அதை ஒருவரும் தோண்டியிருக்க முடியாது."

"சரி, அதை விடுங்கள். எட்டாவதைச் செய்யுங்கள்."

"எட்டில் எரிமலைக் குழம்புக்குள் மீனின் எலும்புக்கூடு முழுதாகக் கிடைக்கிறது" என்றான். அவன் நக்கல் பண்ணவில்லை, மெய்யாகவே கவலைப்பட்டான். பொய்யான வசனத்தில் சரியான வினைச்சொல்லை எப்படி எழுதுவது என்று பதினெட்டுப் பேரும் பேனாவை வைத்துக்கொண்டு தவித்திருக்கிறார்கள்.

பதினொரு வருசப் படிப்பிப்பில் எத்தனையோ சாட்டுக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. வகுப்பு முடிந்ததும் முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி என்னிடம் வந்தது.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கிராமர் எல்லாம் ஓகே மேடம். ஆனா கிரானைட்ல கோல் எப்படி மேடம் வரும்? நான் நெய்வேலி. எங்க ஊர்ல சின்னப் பசங்ககூட சிரிப்பாங்க."

"நீர் தமிழோ?" என்றேன்.

"ஆமா மேடம். செந்தில்."

தமிழில் சொன்னதால் கூடுதலாகச் சுட்டது. அன்று ரயிலில் ஒரு முடிவுக்கு வந்தேன். நான் கீழே போய் என் கண்ணால் பார்க்கவேண்டும். பார்க்காத ஒன்றையும் இனிப் பயிற்சித் தாளில் எழுதுவதில்லை.

ஐந்து வசனம்

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்தில் தொடங்கி ஜெர்மனி வரை கூடவே வந்தது. பிந்தி வருகிறவர், கொப்பி மறந்தவர், எவராக இருந்தாலும் முன்னால் வந்து நின்று நடந்ததை ஆங்கிலத்தில் ஐந்து வசனத்தில் சொல்லவேண்டும். மன்னிப்புக் கேட்கிற வசனம் கணக்கில் சேராது. கடைசி வசனம் இனி என்ன செய்வேன் என்பதாக இருக்கவேண்டும்.

மத்தியாஸ் அந்த செமெஸ்டரில் ஏழு தடவை நின்றான். அவனுக்கு இறந்தகால வினை அப்படித்தான் தண்ணீர்பட்ட பாடாக வந்தது.

ஒரே ஒரு தடவைதான் அந்தச் சட்டத்தை நான் கைவிட்டேன். அது ஊரில், ஷெல் விழத் தொடங்கிய காலம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பத்து மணிக்கு வந்து நேரே முன்னால் நின்றது. "வீடு இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொன்னது. அடுத்ததைத் தேடிக்கொண்டு நின்றது. நான் மிச்சம் நாலையும் கேட்கவில்லை. போய் இரு என்றும் சொல்ல வாய் வரவில்லை, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினேன். அந்த முகம் இப்போதும் நினைவிருக்கிறது.

கீழே

சுரங்கத்துக்குள் போக ஃபிராவ் லின்ட்னரிடம் மூன்று தடவை கேட்டு ஒரு தெர்மின், அதாவது நாளும் நேரமும் குறித்த அனுமதி, வாங்கினேன். மாணவர்களுக்குப் பழக்குவதற்கென்றே வைத்திருந்த பழைய சுரங்கம் அது. "மொழி ஆசிரியைக்குக் கீழே என்ன வேலை என்று துறையில் கேட்கிறார்கள்" என்றார். "கேட்கட்டும், வந்து சொல்கிறேன்" என்றேன். அந்த நாளில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சுரங்கத்துக்குப் பொறுப்பானவரை அங்கே ஸ்டைகர் என்பார்கள். எங்கள் ஸ்டைகர் ஹேர் வெபர், அதாவது திரு வெபர். அறுபதை நெருங்கிய மனுசன், இடது முழங்கால் மடங்காது, மீசையில் பாதி மஞ்சள். 'கிளுக் அவுஃப்' என்று கைகொடுத்தார். சுகமாக மேலே வந்து சேர் என்று வாழ்த்துகிற சுரங்கக்காரர் வணக்கம் அது. ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, தெரியாததைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

உடுப்பு மாற்றுகிற இடமே எனக்குப் புதினம். ஆண்கள் பக்கத்தில் தங்கள் உடுப்பைக் கொளுவியில் மாட்டிச் சங்கிலியால் முகட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் ஆளில்லாத காற்சட்டைகள் ஆகாயத்தில் நிற்கின்றன. பெண்கள் அறை பின்பக்கத்தில், தெருவுக்குத் தனி வாசல். அன்று அதில் நான் ஒருத்திதான். கொண்டைக்கு மேல் தலைக்கவசம் இருக்க மறுத்தது. கொண்டையை அவிழ்த்துப் பின்னலாக்கி முதுகுக்குள் விட்டேன். சப்பாத்து இரண்டு அளவு பெரிது.

போகுமுன் ஹேர் வெபர் பலகைக்கு முன்னால் என்னையும் என் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரையும் நிறுத்தினார். கீழே போகிறவர் வில்லையை எடுத்துக்கொண்டு போகவேண்டும், மேலே வந்ததும் தன் கையால் திரும்ப மாட்டவேண்டும். "யார் என்ன சொன்னாலும் எனக்குக் கேட்காது. பலகை சொல்வதுதான் எனக்கு உண்மை" என்றார். நான் தலையாட்டியபடி கொப்பியில் எழுதினேன். அவர் சொன்னதில் எத்தனை அருமையான வசனங்கள் இருந்தன என்பதில்தான் என் கவனம் முழுக்க.

கீழே மூன்று மணித்தியாலம். ஈரக் கல் மணம், பழைய மரம் ஊறிய மணம், எங்கேயோ ஒரு சொட்டு நிற்காமல் விழுகிற சத்தம். குளிர் எலும்புக்குள் போனது. ஆனால் நான் அப்படி ஒரு சந்தோசத்தில் இருந்தேன். பிள்ளைகள் சுவரைத் தொட்டுக் காட்டக் காட்ட, பெயரைக் கேட்டு, வசனமாக்கி, அங்கேயே அவர்களைக் கொண்டு ஆங்கிலத்தில் சொல்லவைத்தேன். மாறி மாறிக் கத்தினார்கள். வகுப்பறையில் வாய் திறக்காததுகள் எல்லாம் அந்த இருட்டில் திறந்தன. இனி எவரும் என்னை அசைக்க ஏலாது என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

மேலே வந்ததும் பஸ்ஸுக்கு ஏழு நிமிடம்தான். பெண்கள் அறைக்குப் பாய்ந்து, ஈர உடுப்பை முந்தின நாள் யாரோ மாட்டிவிட்டுப் போன உடுப்புகளோடு மாட்டி, அதன் பையில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கோட்டுக்குள் போட்டு, பின்வாசலால் ஓடி பஸ்ஸைப் பிடித்தேன். பலகை முன்பக்கத்தில். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை.

தபாலில் அனுப்ப முடியாது

ரயில் அடுத்து நின்ற இடத்தில் குதித்து இறங்கினேன். சின்ன நிலையம், ஒரு போன் கூண்டு. எங்கள் வீட்டில் அப்போது ஒரு கைபேசிதான், அது என் வீட்டுக்காரரிடம். தெர்மின் கடிதத்தில் சுரங்கத்து இலக்கம் இருந்தது. இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஹேர் வெபருக்கு மூச்சு வாங்கியது.

"நான் ஃபிராவ் அந்தோனிப்பிள்ளை" என்றேன்.

"எங்கே நிற்கிறீர்கள்?"

"ரயில் நிலையத்தில்."

"வெளியேயா?"

"வெளியே. வில்லை என் கோட்டுப் பைக்குள் இருந்திருக்கிறது."

அவர் பக்கத்தில் யாருக்கோ, "அவர்களை மேலே கூப்பிடு" என்றார். நினைத்தது சரிதான், ஆட்கள் கீழே போயிருக்கிறார்கள்.

"நாளைக்குக் காலையில் தபாலில்..." என்று தொடங்கினேன்.

"கொண்டுவாருங்கள். எல்லா வில்லையும் வந்து பலகை நிறையாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகமுடியாது. நாங்கள் காத்திருக்கிறோம்."

அவர் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். ஏசவில்லை.

போன் கார்டில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டுக்காரருக்கு அடித்தேன்.

"இஞ்சாருங்கோ, நான் திரும்ப மலைக்குப் போறன். வர நேரமாகும்."

"ஏன், என்ன நடந்தது?"

சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? போனிலை சொல்லியாச்சுத்தானே. அங்கை போய் எல்லாருக்கும் முன்னாலை நிண்டு பேச்சு வாங்கப்போறீரோ? பேசாமல் வீட்டை வாரும்."

"ஏலாது. பதினெட்டுப் பிள்ளையள் ஈர உடுப்போடை இருக்குதுகள்."

"வேலை போகப்போகுது, அதையாவது யோசிச்சனீரே?"

"ஓம், யோசிச்சனான். அதுக்குத்தான் போறன். போறதெண்டால் நான் நேரை நிண்டு போகட்டும்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, திரும்பிப் போகிற ரயிலில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வில்லையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டிருந்தேன். மொழி ஆசிரியைக்குக் கீழே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு நான் சொல்லப்போகிற பதில் இதுதான் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. சலவை அறையின் சூட்டு மணம் மூக்குக்குள்ளேயே வந்துவிட்டது.

பலகைக்கு முன்னால்

பஸ்ஸால் இறங்கினால் வெயில் இன்னும் மலைமேல் நின்றது. தரிப்பிடத்தில் செந்தில், சேறு காய்ந்த உடுப்போடு.

"மேடம், எல்லாரும் வெயிட்டிங். யாரும் திட்ட மாட்டாங்க மேடம். அதான் எனக்கே பயமா இருக்கு."

உள்ளே மற்றப் பதினேழு பேரும் சுவரோரம் மர வாங்குகளில் குந்தியிருந்தார்கள். உடுப்பெல்லாம் முகட்டில், ஒருவரும் குளிக்கக்கூடப் போகவில்லை. சுரங்கத் தொழிலாளர் மூன்று பேர் தலைக்கவசத்தை மடியில் வைத்திருந்தார்கள். ஃபிராவ் லின்ட்னரையும் கூப்பிட்டிருந்தார்கள். கைப்பையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றார்.

நேரே பலகைக்குப் போனேன். நாற்பத்து மூன்றாம் கொக்கியில் வில்லையை மாட்டினேன். அது இரண்டு தரம் ஆடி நின்றது. ஹேர் வெபர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு புத்தகத்தில் எழுதினார். அவ்வளவுதான். ஒருவரும் எழும்பவில்லை, என்னைப் பார்த்தபடியே இருந்தார்கள்.

மத்தியாஸ்தான் வாயைத் திறந்தான். மெல்லமாக, மரியாதையாகச் சொன்னான்.

"ஃபிராவ் அந்தோனிப்பிள்ளை, ஐந்து வசனம்."

ஃபிராவ் லின்ட்னர் அவனை முறைத்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன். அவன் கேட்டது நியாயம். ஏழு தடவை அவனை நிறுத்தியவள் நான்.

பிள்ளைகளைப் பார்த்து நிமிர்ந்து நின்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். "நான் வில்லையைத் திரும்ப மாட்டவில்லை. பலகையைப் பற்றிச் சொன்னபோது நான் கேட்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் என்னைத் தேடி மறுபடியும் கீழே போனார்கள். நான் அந்த நேரம் ரயிலில் வசதியாக இருந்தேன்."

நாலு முடிந்தது. ஐந்தாவது, இனி என்ன செய்வேன் என்கிற வசனம். இனி என்று ஒன்று எனக்கு அங்கே உண்டா என்று தெரியாது. கதவுப் பக்கம் பார்த்தேன். ஃபிராவ் லின்ட்னர் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவை வில்லையை மாட்டிவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவேன்" என்று சொல்லி முடித்தேன்.

"என்ன சொல்கிறார்?" என்று ஹேர் வெபர் மத்தியாஸைக் கேட்டார். அவன் ஒவ்வொரு வசனமாக ஜெர்மனில் சொன்னான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தார். மூன்றாவதில் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பிழை. மூன்று பேர் இல்லை, நாலு பேர். நானும் போனேன்."

அந்த முழங்காலோடு ஏணியில் இறங்கியிருக்கிறார். போனில் கேட்ட மூச்சு அதுதான். கருங்கல்லில் நிலக்கரி எழுதியவளுக்கு இதுவும் தேவைதான் என்று நினைத்தேன். பிள்ளைகள் பக்கம் திரும்பி, மூன்றாவது வசனத்தை மறுபடி சொன்னேன். நாலு பேர் என்றேன். குரல் உடைந்துவிட்டது, நான் அதை மறைக்கவில்லை.

அதன் பிறகுதான் சங்கிலிகள் இறங்குகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் குளிக்கப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை

துறைக்கு எழுத்தில் அறிக்கை போகவேண்டும் என்றார் ஃபிராவ் லின்ட்னர். எழுதவேண்டியவர் ஹேர் வெபர். நான் வீட்டில் சலவை அறை இலக்கத்தை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்தும் பாராத மாதிரித் திரிந்தார்.

மூன்றாம் நாள் ஃபிராவ் லின்ட்னர் போனில் அழைத்து அறிக்கையை வாசித்துக் காட்டினார். அரைப் பக்கம். வில்லை வெளியே போனது, நாலு பேர் தேடினார்கள், அதே நாள் வருகையாளர் தானே திரும்பி வந்து தன் கையால் மாட்டினார். கடைசியில் ஒரு கோரிக்கை. வெளிநாட்டு மாணவர்கள் வருசா வருசம் கூடுகிறார்கள். பலகையைப் பற்றி அவர்களுக்கு விளங்கும்படி சொல்லத் தனக்கு ஆங்கிலம் வேண்டும். அதை இந்த வருகையாளரிடமே படிக்க விரும்புகிறார்.

"துறை சம்மதித்துவிட்டது. அடுத்த செமெஸ்டருக்கும் சேர்த்து" என்றார் ஃபிராவ் லின்ட்னர். அவர் சிரித்த சத்தத்தை முதல் தரம் அன்றுதான் கேட்டேன்.

போனை வைத்துவிட்டு, சலவை அறை இலக்கம் எழுதிய கடதாசித் துண்டைக் கிழித்தேன். "நான் அப்பவே நினைச்சனான்" என்றார் வீட்டுக்காரர். அப்படி ஒன்றையும் அவர் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். கதவு திறந்தது. ஹேர் வெபர், குளித்துத் தலைவாரி, காதில் ஒரு பென்சிலோடு. முன் வரிசையில் செந்தில் நகர்ந்து இடம் விட்டான். அவர் இருக்கவில்லை. காலை இழுத்து இழுத்து நேரே முன்னால் வந்து நின்றார். யாரோ சட்டத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மத்தியாஸ் மேசையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கையில் ஒரு துண்டு. ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். பிந்திவிட்டேன். இன்று ஒரு குழு கீழே போனது. அவர்கள் வர நேரமானது. நான் பலகைக்கு முன்னால் நின்றேன். நாலு வசனத்திலும் பிழை இருந்தது.

ஐந்தாவதுக்கு அவர் துண்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கீழே இப்போது ஒருவரும் இல்லை."

இனி என்ன செய்வேன் என்கிற வசனம் அது இல்லை. சட்டப்படி அதை நான் எண்ணக்கூடாது. எண்ணினேன். நாற்காலியை இழுத்துக் கொடுத்து இருக்கச் சொன்னேன்.